கன்னியப்பன் அடித்த மணி

திண்டிவனம் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் கார்டு இறங்கி வந்து எஞ்சினில் இருந்த என்னிடம் சொன்னார்: "உங்க கன்னியப்பன் பூட்டாருங்க. நேத்தே எடுத்துட்டாங்க." முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குத்தான் போக முடிந்தது. அங்கே தலைமை நாற்காலியில் யார் என்றால், நம் மலைக்கோயில் தர்மகர்த்தா. "சீனா வரைக்கும் போய்ச் சாமி கும்பிட்ட பக்தர்" என்று பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கன்னியப்பனை அறிந்தவர்கள் எல்லோரும் அந்தச் சீனக் கதையைக் கேட்டிருப்பீர்கள். ரயில்வே ஷெட்டில் எங்களோடு கரி அள்ள வருமுன், புதுச்சேரியிலிருந்து போன கப்பலில் கரி தள்ளியவர் அவர். சீனக் கரையில் கப்பல் பழுதாகி நின்றபோது ஒரு பழைய மலைக்கோயிலுக்கு ஏறியிருக்கிறார். "மேகம் நம்ம காலுக்குக் கீழ போய்க்கினு இருக்கும், தம்பி. பாறை வெடிப்புல ஊசி இலை மரம் மொளைச்சு நிக்கும். ஆளு ஒசரத்துக்கு மணி, உள்ள நாக்கே கெடையாது. கட்டையால வெளிய இருந்து அடிக்கணும். சாமியாரு அந்தக் கட்டையை என் கைல குடுத்துட்டாரு. நீ யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல." புளுகுகிறான் என்று ஊரே சிரித்தது. யாரென்று கேட்காத கோயில் இருக்கும் என்பதை இவர்களால் நம்ப முடியவில்லை.

கண்டாச்சிபுரத்துப் பக்கம் உள்ள நம் மலையில் அவர் சாதிக்கு அடிவாரத்தோடு சரி. கோயில் நுழைவுச் சட்டம் வந்து எல்லோருக்கும் திறந்த அன்று நானும் அவரோடு ஏறினேன். மணியின் கயிற்றை அவிழ்த்து வைத்திருந்தார்கள். "கயிறு இத்துப்போச்சுப்பா. கும்புட்டுக்கினு கெளம்பு" என்றார் தர்மகர்த்தா. அதற்கு முன்தினம் வரை மணி அடித்த கயிறு.

கன்னியப்பன் கோபப்படவில்லை. "பரவால்லீங்க, எனக்கு வேற வழி தெரியும்" என்று கைத்தடியை ஓங்கி வெளியிலிருந்து ஒரு அடி அடித்தார். மலை முழுக்கக் கேட்டது. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் மணியையே இறக்கிவிட்டார்கள். கீறல் விட்டுப்போயிற்றாம். எங்கே கீறல், காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. "திரும்பக் கட்டுவாங்க தம்பி, எத்தினி நாளைக்கு உள்ள வெச்சிருப்பாங்க" என்று சாகும்வரை காத்திருந்தார் மனுஷன். நினைத்தாலே ரத்தம் கொதிக்கிறது.

தர்மகர்த்தா அவர்களே, அவரைப் பக்தர் என்று புகழ வேண்டாம். மணியை எடுத்த இடத்திலேயே கட்டுங்கள். கயிறுகூட வேண்டியதில்லை. அவர் மனைவி அஞ்சலை அந்தக் கைத்தடியை என்னிடம் கொடுத்திருக்கிறார்.