பட்டை வாசனை வந்த சனிக்கிழமை

பட்டையை வெறும் தோசைக்கல்லில் போட்டு வறுத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கல் சூடேறி, சுருண்ட பட்டையின் ஓரம் லேசாகக் கறுக்கத் தொடங்கும்போது, இனிப்பா காரமா என்று சொல்ல முடியாத ஒரு வாசனை சட்டென்று எழும்பி, சமையலறை ஜன்னலைத் தாண்டி, பின்பக்கச் சுவரைத் தாண்டி, வரிசையில் இருக்கும் எட்டு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆவடியில் நாங்கள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அந்த வாசனைக்கு ஒரே ஒரு பொருள்தான்: அந்த வீட்டில் இன்றைக்குப் பிரியாணி. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அது யார் வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடப் போவதுபோல் போய் நிற்கிற சாமர்த்தியம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில், அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒரு மார்கழியில், சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, யாரையும் கேட்காமல் நான் பட்டையை வறுத்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்குப் பன்னிரண்டு வயது முடியப் போகிறது. என்னை அடக்கமான பெண் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்கு அப்பா ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியிலிருந்து ரோஜாப்பூ வைத்த கேக் வாங்கி வருவார்; முதல் துண்டு அவர் வாயில்தான் போக வேண்டும் என்பது என் சட்டம். போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்ததால், பத்தியச் சோறும் கீழாநெல்லிச் சாறுமாகப் பிறந்தநாள் கழிந்து போயிற்று. எனவே இந்த வருஷம் விடுவதாக இல்லை. ஆனால் கார்த்திகை முதல் தேதியே அப்பா கறுப்பு வேட்டி கட்டி மாலை போட்டுக்கொண்டுவிட்டார். மீன் சட்டியும் கறிக் குண்டானும் பரணுக்கு ஏறின, அம்மா வீடு முழுக்கக் கழுவிவிட்டாள், முட்டை வாசல்படி தாண்டக் கூடாது என்று உத்தரவாயிற்று. கேக்கில் முட்டை உண்டு. "வெளிய எங்கயாவது வெச்சு நீ வெட்டு, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்" என்று அப்பா சமாதானம் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

அந்தக் கோபத்துக்கு வழி காட்டியது என் அறிவியல் நோட்டு. பள்ளி திறக்கும்போது நோட்டுகளுக்கு அட்டை போடுவதற்காகப் பழைய பேப்பர் கடையிலிருந்து வழவழப்பான ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். அறிவியல் நோட்டின் மேலட்டையில், நத்தை ஓடு மாதிரி சுருண்டு, மேலே சர்க்கரைப் பாகு வழிகிற ஒரு ரொட்டியின் படம் ஆறு மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அட்டையைப் பிரித்து உள்பக்கம் பார்த்தால் செய்முறையே இருந்தது. "சின்னமன் ரோல்" என்று பெயர். அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன்; மைதா, பால், சர்க்கரை, வெண்ணெய், ஈஸ்ட், பட்டைத் தூள், அவ்வளவுதான். முட்டை இல்லை. இரண்டு தடவை மறுபடியும் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "இனிப்புல எவளாவது பட்டையைப் போடுவாளா?" என்று கேட்டாள். படத்தைக் காட்டியதும் சும்மா இருந்துவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மைதாவும் வெண்ணெயும் வீட்டிலேயே இருந்தன. பழுப்புச் சர்க்கரை என்று போட்டிருந்த இடத்தில் நாட்டுச் சர்க்கரையை வைத்துக்கொண்டேன். ஈஸ்டுக்குத்தான் கோவில்பதாகை வரைக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது. அங்கே பன் போடுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா பாப்பா, ஊட்லயே பேக்கரி வெக்கப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டு, ஈரக் களிமண் போன்ற ஒரு கட்டியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சுடுவதற்கு எங்களிடம் ஒரு வட்ட "அவன்" இருந்தது. கண்ணாடி மூடி போட்ட அலுமினியப் பெட்டி அது. இத்தனை டிகிரி என்று திருப்ப அதில் ஒன்றும் கிடையாது, சுவிட்சைப் போட்டால் சூடு, அணைத்தால் இல்லை. அம்மா அதையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவித்தான் கொடுத்தாள்.

என் பிறந்தநாளான சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வெதுவெதுப்பான பாலில் ஈஸ்டைக் கரைத்து மாவைப் பிசைந்தேன். ஒரு மணி நேரத்தில் இரு மடங்காக உப்பும் என்று செய்முறை சொன்னது. மார்கழிக் குளிரில் அது மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் பிசைந்து வைத்தபடியே கல்லாட்டம் கிடந்தது. வீட்டில் எப்போதும் சூடாக இருக்கும் இடம் எது என்று யோசித்தேன், டி.வி.க்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும் ஸ்டெபிலைசர் நினைவுக்கு வந்தது. குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து படுக்கும் இடம் அதுதான். மாவுப் பாத்திரத்தைத் துண்டால் சுற்றி அதன் தலையில் ஏற்றிவிட்டு டி.வி.யைப் போட்டேன். யாரும் பார்க்காமலே டி.வி. சாயங்காலம் வரைக்கும் ஓடியது. தட்டிக் கேட்க அம்மா வீட்டில் இல்லை, காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

அந்த இடைவெளியில்தான் பட்டையை வறுத்தேன். செய்முறையில் பட்டை மட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி வளர்ந்த பெண் நான். பட்டையை மட்டும் தனியாக எடுக்க எனக்குக் கை வரவில்லை. பத்திரிகைக்காரி மறந்திருப்பாள் என்று முடிவு செய்து, நாலு கிராம்பும் மூன்று ஏலக்காயும் தாராளமாகச் சேர்த்து, வாசனை தூக்கட்டும் என்று ஒரு கரண்டி வெண்ணெயையும் கல்லில் விட்டேன். ஐந்து நிமிஷத்தில் பின்பக்கச் சுவருக்கு மேல் ராணி ஆன்ட்டியின் தலை தெரிந்தது. பக்கத்து வீடு, நல்ல மனுஷி, மூக்கும் நாக்கும் மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. "இன்னா பாப்பா, பிரியாணி வாசனை தூக்குது?" என்று கேட்டாள். இல்லை ஆன்ட்டி, பட்டை ரொட்டி செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்து போயிருக்கும். ஆனால் அப்பாவுக்கு வைத்திருக்கும் ஆச்சரியத்தை இவளிடம் போய் ஏன் உடைக்க வேண்டும்? "சாயங்காலம் தெரியும் ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை.

அந்தச் சிரிப்பு என்ன வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியாது. அப்பா கன்னிசாமி, அதாவது முதல் தடவை மலைக்குப் போகிறவர். கன்னிசாமிக்கு விரதம் கெட்டது என்று குருசாமி நினைத்தால் மாலையைக் கழற்றச் சொல்லிவிடுவார். இருமுடி கட்ட மாட்டார். இருமுடி இல்லாமல் பதினெட்டாம் படி ஏற முடியாது. அப்பாவின் குருசாமி ஏகாம்பரம், கோவில்பதாகைக்காரர், அதே தொழிற்சாலையில் உலைப் பிரிவில் வேலை. போன வருஷம் ஒரு கன்னிசாமி சிகரெட் பிடித்தார் என்பதற்காகப் புறப்படுகிற அன்றைக்கு வேனிலிருந்து இறக்கிவிட்டவர் என்று அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அப்பாவுக்கு இருமுடி கட்டு அடுத்த வியாழக்கிழமை.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் பஜனை. ராணி ஆன்ட்டி சொன்ன பிரியாணிச் சேதி அங்கே போய்ச் சேர்ந்து, பஜனை பாதியில் நின்றுவிட்டது போலும், ஆறரை மணிக்கு எங்கள் வாசலில் ஏழெட்டுக் கறுப்பு வேட்டிகள் வந்து நின்றன. அப்பா நடுவில், தலையைக் குனிந்தபடி. குருசாமி படி ஏறவில்லை. அம்மாவைப் பார்த்து, வீட்டில் என்ன சமையல் என்று கேட்டார். அவள் கத்தரிக்காய்க் குழம்பு என்றாள். மத்தியானம் என்ன சமையல் என்று கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் முன்னால் போய், கறியும் இல்லை முட்டையும் இல்லை, ரொட்டிதான் செய்கிறேன், வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் அசையாததால் ஸ்டெபிலைசர் மேலிருந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் முகத்துக்கு நேரே துண்டை விலக்கினேன்.

நாலு மணி நேரம் சூட்டில் இருந்த மாவு பாத்திரத்தை விட்டு வழிந்துகொண்டிருந்தது. கூடவே குப்பென்று ஒரு புளித்த வாடை. குருசாமி இரண்டடி பின்னால் போனார்.

"இன்னா சாமி இது, கள்ளு வாசனை வருது?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

கறி என்ற குற்றச்சாட்டைத் துடைக்கப் போய்க் கள்ளையும் கொண்டு வந்து சேர்த்துவிட்டேன். பின்னாலிருந்து அம்மா பேசினாள். மூன்றாம் மனுஷர் முன்னால் குரல் உயர்த்தாதவள் அவள். "இட்லி மாவும்தான் பொங்குது சாமி, புளிச்ச வாசனையும் வருது. அதைத் தின்னுட்டுத்தானே பஜனைக்கு வர்றீங்க?" கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். குருசாமி மாலையைக் கழற்று என்று சொல்லவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அப்பா தலை நிமிர்ந்தார்.

"போன மார்கழியில இந்தப் பொண்ணு மஞ்சக் காமாலையில கண்ணு தொறக்காம கிடந்துச்சு சாமி. பொழைச்சு எழுந்தா மாலை போட்டு மலைக்கு வர்றேன்னு வேண்டிக்கிட்டேன். இவளுக்காகப் போட்ட மாலை. இவ கையாலயா கெட்டுப் போயிடும்?"

அதுவரை எனக்குப் பயமே இல்லை. அந்த நிமிஷத்தில் பயந்தேன். அப்பா ஏன் திடீரென்று பக்திமான் ஆனார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நண்பர்கள் கூப்பிட்டார்கள், போகிறார் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கும் அது தெரியாது என்பது அவள் அப்பாவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

குருசாமி படி ஏறி வந்தார். "செரி. எங்க கண்ணெதிர செய்யட்டும். மொதல்ல சாமிக்குப் படைக்கட்டும், அப்பால பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அத்தனை சாமிகள் முன்னிலையில் சப்பாத்திக் கட்டையால் மாவைப் பரப்பி, வெண்ணெய் தடவி, நாட்டுச் சர்க்கரையும் என் மசாலாத் தூளும் தூவி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினேன். கத்தி வைத்தால் நசுங்கியதால், அம்மா சாமி படத்துக்குப் பூ கட்டும் நூலைச் சுற்றி இழுத்துத் துண்டு போட்டேன். "அவனில்" வைத்துக் கண்ணாடி மூடியை மூடினேன். வோல்டேஜ் குறைவு, சூடு ஏறவே இல்லை. முதலில் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த குருசாமி, கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியாமல் "அவன்" பக்கத்தில் குந்திக்கொண்டு, அடிச் சூடு தாக்குகிறது, மேல் சூடு வரவில்லை என்று உலைக்காரராகக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். பாதி வெந்ததும் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போடச் சொன்னது அவர்தான். அதற்குள் அடி கருகித்தான் போயிருந்தது. ஆனால் கண்ணாடிக்குள் ரொட்டிகள் உப்பிச் சிவந்து, அந்த வாசனை மறுபடியும் கிளம்பி வரிசை முழுக்கப் போயிற்று. ராணி ஆன்ட்டி எங்கள் வாசலுக்கே வந்து நின்றுவிட்டாள்.

ஐயப்பன் படத்துக்கு முன் ஒரு தட்டு ரோலை வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். முதல் துண்டைக் குருசாமி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"பிரியாணி இல்ல. பிரியாணி வாசனையோட ஒரு பன்னு. அடி தீஞ்சிகினு கீது, மத்தபடி நல்லா கீது" என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டை எடுத்துத் தன் கையாலேயே அப்பாவிடம் கொடுத்தார். "சாப்டு சாமி. வியாழக்கெழம சீக்கிரம் வந்துடு, முடி கட்டணும்."

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். என் சட்டப்படி முதல் துண்டு அவருக்குப் போகவில்லைதான், இரண்டாவதுதான் போயிற்று. அதைப் பற்றி நான் சண்டை போடவில்லை. ராணி ஆன்ட்டி நான்கு தின்றுவிட்டு, தனக்கு அப்போதே தெரியும் என்றாள். வியாழக்கிழமை வேனில் புளியோதரை, முறுக்கோடு நான் மறுபடி சுட்ட ரோல்களும் ஒரு டின் நிறைய மலைக்குப் போயின. குருசாமியே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் வரிசையின் பின்பக்கச் சுவர் இடிந்து, அதற்குள் ஒரு அரசங்கன்று வளர்ந்து நிற்கிறது. வட்ட "அவன்" எந்தக் கடைக்குப் போயிற்று என்று நினைவில்லை. குருசாமி காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. ராணி ஆன்ட்டி மகனோடு திருமழிசையில் இருக்கிறாள். அம்பத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் சின்னமன் ரோலை அட்டைப் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள், என் மகளுக்கு அந்த வாசனை என்றால் காபிக் கடைதான். வாங்கித் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கிராம்பும் ஏலக்காயும் போடாத குறை குறைதான், இதில் நான் இன்றைக்கும் அந்தப் பத்திரிகைக்காரியோடு ஒத்துப்போகவில்லை.

திருநின்றவூரில் ஏரிப் பக்கமாக அப்பா கட்டிய வீட்டில் சென்ற மார்கழியும் என் பிறந்தநாளுக்குச் சுட்டேன். புது "அவன்", புகை உறிஞ்சும் விசிறி, சாத்திய ஜன்னல்கள். அப்பாவுக்கு எண்பது ஆகப் போகிறது, சர்க்கரை வேறு. ஒரே ஒரு துண்டுதான் அனுமதி. நான் பட்டையை வறுக்கும்போது அவர் எழுந்து போய் விசிறியை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார், பிறகு வாசல் கதவையும் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து வீடுகளிலிருந்து ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்காரர்களின் பெயர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

"யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்றார். ரோல் வெந்ததும், தன் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு ராணி கேக்காம இருந்திருந்தா, அந்த மாலை எதுக்குப் போட்டேன்னு உங்கிட்ட நான் சொல்லியே இருக்க மாட்டேன்."