வாத்துகள் நன்றாகத்தான் இருந்தன

பீடோர் வாத்துப் பண்ணை வாசலில் என் கார் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி அடித்தார்கள். அம்மா கிறிஸ்துமஸுக்கு வாத்துக்கறி கேட்டிருந்தார். அந்த நெடி, முன்பு நாங்கள் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில், செத்த கோழிகளை மருந்து தெளித்துப் புதைத்த குழியை நினைவுபடுத்தியது.

லயத்தில் எங்களிடம் மட்டும்தான் வாத்துகள் இருந்தன. பின்புறக் கால்வாயில் அவை குளிக்கும். அந்தத் தண்ணீரையே அடுத்த வீட்டு ராசம்மா அக்காவின் கோழிகள் குடிக்கும். அக்காவும் அம்மாவும் மாலையில் ஒரே பலகையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் அக்காவின் கோழிகள் கழுத்து திருகி, பச்சையாகக் கழிந்து, எல்லாமே செத்தன.

“உன் வாத்துதான் சீக்கு கொண்டாந்துச்சு, மேரி.”

“வாய் கூசலையாக்கா? அப்படின்னா என் வாத்துல்ல மொத சாவணும்? பாருங்க, எப்படிக் கொழுத்துக் கெடக்குன்னு!”

“அதான் கேக்குறேன். எங்களது செத்துப்போச்சு, உன்னது மட்டும் எப்படிக் கொழுக்குது?”

அதன்பின் அக்கா வரவில்லை. அம்மா பலகையின் ஓரத்திலேயே உட்கார்ந்து, மறுபாதியைக் காலியாக விட்டு, தனியாகத் தேநீர் குடித்தார்.

“வாத்துக்குச் சீக்கா?” என்று பண்ணை வாசலில் மருந்தடித்தவரிடம் கேட்டேன்.

“வாத்து நல்லாத்தான் இருக்கும் அண்ணே. சீக்க உள்ள வெச்சிக்கிட்டே திரியும். பக்கத்துல இருக்கிற கோழிதான் சாகும்.”

குனோங் ராபாட்டில் இப்போது இருக்கும் எங்கள் வீட்டில் அம்மா வாத்தைத் தடவிப் பார்த்தார்.

“நல்லா கொழுத்திருக்கு. நம்ம வாத்தும் இப்படித்தான் இருந்துச்சு. அந்த அக்காதான் கடைசி வரைக்கும் நம்பல.”

“ஆமாம்மா” என்றேன்.