எக்ஸ்ரே படத்தோடு வேலூருக்கு

எட்டு வயதில், தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்திருந்த சயனைட் மண்மேட்டில் தகரத்தின்மேல் உட்கார்ந்து சறுக்கியபோது என் வலது கை முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முன்கையில் ஒரு புண் மட்டும் ஆறாமல் மாதக்கணக்கில் சீழ் வடிந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

ஒருநாள் டாக்டர் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அப்பா அம்மாவிடம் பேசினார். சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டது, கையை எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்றாராம். இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கேட்காமலே ஒரு க்ரீம் பன் கிடைத்தது என்பதுதான்.

அப்பா சுரங்கத் தொழிலாளி. "டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே இன்னா இருக்குது?" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அம்மா, "எடுத்துட்டா திரும்ப முளைக்குமா? இன்னொருத்தரும் பாக்கட்டும். அவரும் அதையே சொன்னா நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்றாளாம். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே அப்பா எக்ஸ்ரே படத்தைக் கேட்கப் போயிருக்கிறார். டாக்டரோ, "தாராளமா காட்டுங்க" என்று சொல்லி, வேலூரில் எலும்பு ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டரம்மாவுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது 'வேலூர்' மட்டும்தான். வீடு வீடாக ஓடிச் சொல்லிவிட்டேன்.

பங்காருப்பேட்டையில் ரயில் மாறினோம். ஜன்னலோர இடம் எனக்கு! எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பெட்டி முழுக்கக் காட்டினேன்.

"இன்னா பாப்பா அது?" என்றார் எதிரே இருந்தவர்.

"என் கை! உள்ள இருக்கிற கை!"

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வேர்க்கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "விரல ஆட்டு கண்ணு" என்றார். ஐந்தையும் ஆட்டினேன். பென்சில் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். எழுதி, பக்கத்தில் ஒரு ரயிலும் வரைந்தேன்.

அவர் சிரித்துவிட்டார். அம்மாவிடம், "செத்த எலும்புத் துண்டு ஒண்ணு உள்ள தங்கியிருக்கு. அத எடுத்துச் சுத்தம் பண்ணிட்டா புண்ணு ஆறிடும். கை எங்கயும் போகாதும்மா" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் அங்கேயே இருந்தோம். புண் ஆறி, தழும்பு மட்டும் நின்றது. ஊர் திரும்பியதும் குழாயடியில் என் கூட்டாளிகளைக் கூட்டிவைத்துக் கதை சொன்னேன். "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? கை எங்கயும் போகாதாம்! கை தனியா எங்கனா போவுமா?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நல்ல வேடிக்கை இவளுக்கு ஏன் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.