தொண்ணூற்றைந்து

பனிச்சறுக்கு சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஜனவரிக் காலையில் அஃப்ரா தன் ஸ்கீ பூட்டின் மேல் கொக்கியை இழுத்தாள். படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கணுக்காலுக்கு மேலே பிளாஸ்டிக் ஓடு நெடுக விரிசல் விட்டிருந்தது. அவளுக்கு வருத்தமே வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அந்த அளவுக்கு அது அவளைப் படுத்தியிருந்தது.

ஐம்பத்து நான்கு வயது. திரோல் மலையில், தான் பிறந்த பள்ளத்தாக்கிலேயே ஸ்கீ பள்ளியின் பயிற்சியாளர். கோடையில் விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைப்பாள், குளிர்காலத்தில் சறுக்கக் கற்றுக்கொடுப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கெல்லாம் இரண்டு சீசனுக்கும் இடையே ஏப்ரல் மாதத்தில்தான் நேரம் கிடைக்கும், ஏப்ரலில் அவள் தூங்குவாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அதில் பாதிக்கு மேல் உண்மை.

அவள் கால் எந்தக் காலத்திலும் தன் அளவுக்கு பூட் போட்டதில்லை. சின்ன வயதில் அண்ணன் கழித்துப்போட்டது, முன்னால் காகிதம் திணித்து. பிறகு பந்தயக் குழுவில் சேர்ந்தாள். அங்கே இருந்த பயிற்சியாளர் எல்லோருக்கும் ஓர் அளவு குறைத்தே வாங்கித் தருவார். விரல் கத்தினால்தான் ஸ்கீ சொன்னபடி திரும்பும் என்பது அவர் கட்சி. முழங்கால் போய், பந்தயமும் போய், அவள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தச் சின்ன அளவு மட்டும் கூடவே வந்தது. கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்து உதிர்வதும் முளைப்பதுமாக இருந்தன. வேலை முடிந்து கொக்கியைத் தளர்த்தும் நேரம்தான் அவளுடைய நாளின் ஒரே நல்ல நேரம். இது ஒரு பிழைப்பா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

பூட் கடை வைத்திருந்த ஸென்சி அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அஃப்ராவின் காலுறையைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு அளவுப் பலகையை இழுத்துப் போட்டாள்.

"ஏறி நில்லுடி. முழு பாரத்தையும் போடு. இருபத்தாறு."

"இருபத்துநாலரை. எப்பவும் அதான்."

"எப்பவும் தப்பாத்தான் போட்டிருக்கே. இது காலா, இல்ல வண்டி ஏறிப்போன ரொட்டியா? ஊர்ல மாட்டுக்குக் குடுக்கற மரியாதையைக்கூட நீ இதுக்குக் குடுக்கல."

ஸென்சி ஒரு பூட்டின் உள்ளுறையை உருவிவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டினை நீட்டினாள். அஃப்ரா காலை உள்ளே விட்டு விரல் முன்னால் முட்டும்படி தள்ளி நிற்க, குதிகாலுக்குப் பின்னால் ஸென்சியின் விரல் ஒன்று தாராளமாக நுழைந்தது. "இவ்வளவு எடம் வேணும். உறையை மாட்டி நேரா நின்னா விரல் லேசாத் தொடும். முழங்காலை மடக்கினா பின்னால போயிடும். குதிகால் மட்டும் அசையக்கூடாது." உறையைக் கால் வடிவத்துக்கு இளகும்படி அடுப்பில் சூடாக்கி, ஓட்டுக்குள் மாட்டி, அவள் காலில் போட்டுக் கொக்கிகளை இழுத்தாள்.

அஃப்ரா இரண்டு அடி நடந்து பார்த்தாள். நாளெல்லாம் நின்றுகொண்டே இருந்த ஒருத்தரை யாரோ நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸென்சி பார்க்காததுபோல் டப்பாவை மடக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அஃப்ரா பூட்டின் வெளிப்பக்கம் பார்த்தாள். கொட்டை எழுத்தில் 95.

அந்த எண்தான் பூட்டின் விறைப்பு. நூற்றுமுப்பது என்றால் கல். தொண்ணூற்றைந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் போடுவது. அந்தப் பள்ளியில் ஆணோ பெண்ணோ எல்லோரும் நூற்றுமுப்பதுதான். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. வேலை முடிந்ததும் பூட்டுகளை உலர்த்தும் அறையில் வெப்பக்காற்றுக் குழாய்களில் தலைகீழாக மாட்டுவார்கள். உள்ளே வருகிற எவனும் முதலில் எண்களைப் படிப்பான், பிறகுதான் ஆளைப் பார்ப்பான்.

"நூத்திமுப்பதுல குடு," என்றாள்.

"உன் காலுக்கு வரவழைக்கணும். வந்தாலும் உன் எடைக்கு அது மடங்காது. சாயங்காலம் வரைக்கும் குழந்தைங்க பின்னால நிக்கறதுக்கு உனக்கு எதுக்குடி பந்தய பூட்டு?"

"தலைக்கு."

ஸென்சி பெருமூச்சு விட்டாள். ஞாயிறு மாலை, ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் நின்றபின் பயிற்சியாளர்கள் இருபது பேர் ஆப்பு வடிவத்தில் அணிவகுத்து இறங்குவார்கள். ஊரே கீழே நின்று பார்க்கும். அந்த ஆப்பின் கூர்முனையில் போகிறவரைத் தலை என்பார்கள். எத்தனையோ வருடமாக அஃப்ராதான் தலை. அவளிடம் சொந்த வீடு இல்லை, குடும்பம் இல்லை. அது இருந்தது.

ஆனாலும் கால் ஜெயித்தது. தொண்ணூற்றைந்தோடு வெளியே வந்தாள். கால்சட்டையின் கீழ்ப்பகுதி எண்ணை மூடிக்கொண்டது. உலர்த்தும் அறைதான் சிக்கல். அதனால் பூட்டைப் பைக்குள் போட்டுத் தினமும் வீட்டுக்கே எடுத்துப் போனாள்.

இதுதான் அவள் செய்த பெரிய முட்டாள்தனம். அந்த ஊரில் சீசன் நடுவே ஒருவர் பூட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒரே அர்த்தம்தான்: எதிர்ச் சரிவில் இருக்கும் பள்ளிக்குத் தாவப் போகிறார். அஃப்ராவே அப்படி நாலைந்து பேரை முன்கூட்டிக் கண்டுபிடித்து முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறாள். தன்னைப் பற்றியும் அப்படி நினைப்பார்கள் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் சுகமாகப் போயிற்று. மேடுபள்ளத்தில் பூட் இதமாக மடங்கிக்கொடுத்தது. ஞாயிறு அணிவகுப்புகளும் புதுப்பனியில்தான் நடந்தன; கால் நடனமாடியது. மாலையில் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடவில்லை. இறுகிய பனியில், வேகத்தில், பூட் ஒரு நொடி தாமதித்துத்தான் பதில் சொல்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

அப்புறம் ஒரு காலையில் எல்லோரும் கூடியிருக்கும்போது பள்ளித் தலைவன் வென்டலின் அறிவித்தான், அவள் முகத்தைப் பார்க்காமலே: "ஞாயித்துக்கிழமை தலைக்கு வெரேனா." வெரேனாவும் அங்கே ஒரு பயிற்சியாளர். வென்டலின் அஃப்ராவுடைய அண்ணன் மகன். அவனுக்கு நிற்கவே வராத வயதில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு மலை இறங்கியவள் அவள்.

எண்ணைப் பார்த்துவிட்டான் என்றே அஃப்ரா முடிவு கட்டினாள். அன்று வேலை முடிந்ததும் உலர்த்தும் அறைக்குள் போய்ப் பையிலிருந்து பூட்டை எடுத்து அவன் முன்னாலேயே குழாயில் மாட்டினாள், எண் வெளியே தெரியும்படி.

"நல்லாப் பாத்துக்கடா. தொண்ணூத்தஞ்சு. இதுக்காகத்தானே தூக்கினே? அதை மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு என்ன?"

வென்டலின் எண்ணைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுக்காகவா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனே?"

"வேற எதுக்கு?"

"அந்தப் பக்கம் போறேன்னு நெனைச்சேன் அத்தை. எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"நானா? அவங்ககிட்டயா? உனக்குப் புத்தி மலையில வழுக்கி விழுந்துடுச்சா?"

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ போறேன்னு நெனைச்சப்ப கோவம் வந்துச்சு. கூடவே கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. நீ களைச்சுப்போயிட்டே அத்தை. அதை உங்கிட்ட சொல்ல இங்க ஒருத்தனுக்கும் தைரியமில்ல."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. "என் களைப்பு என் பாடு," என்றாள். "தலையைத் திருப்பிக் குடு." அவன் கொடுத்தான். வேண்டாமென்று சொல்ல அவனுக்கும் தைரியமில்லை.

ஞாயிறு மதியத்திலிருந்து காற்று அடித்துப் பனி கண்ணாடியாகியிருந்தது. மேலே இருபது பேரும் நின்றார்கள். அஃப்ரா முனையில். இந்த அணிவகுப்புக்கு ஒரே விதி உண்டு. முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார், வேறு எதையும் பார்க்காதே. அவள் கோலைத் தூக்கினாள், இறங்கினாள். முதல் பாதி அழகாகப் போனது. விரல்கள் கதகதப்பாக இருந்தன, குதிகால் அசையவில்லை. நூற்றுமுப்பது எதற்கு என்று அவள் மனசு எகத்தாளம்கூடப் பேசியது.

கடைசிச் செங்குத்தில், லிஃப்ட் கம்பத்துக்கு மேலே, முழு பாரத்தையும் கொடுத்துத் திரும்பினாள். பூட் முன்னால் மடங்கியது. மடங்கிக்கொண்டே போனது. ஸ்கீ பனியைக் கடிக்கவில்லை. அகலமாகச் சறுக்கிக்கொண்டு போனாள். கம்பத்தைச் சுற்றிக் கட்டிய மெத்தை அவள் தோளை உரசியது. அடுத்த நொடி பிடி கிடைத்தது, திரும்பிவிட்டாள். பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் சத்தம் கேட்டது. பின்னால் வந்த பத்தொன்பது ஜோடி ஸ்கீயும் அதே இடத்தில் அதே மாதிரி அகலமாகச் சறுக்கி, அந்தக் கம்பத்தை ஒட்டியே ஒழுங்காக வளைந்து வந்தன.

கீழே ஒரே கைதட்டல். கூட்டம் அதை வித்தை என்று நினைத்துவிட்டது. வென்டலின் பக்கத்தில் வந்தான். "பிரமாதம் அத்தை."

"கம்பத்துக்கு எவ்வளவு எடம் விடணும்?"

"யாருமே கவனிக்கல."

"நீ கவனிச்சே."

அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். அஃப்ரா குனிந்து பூட்டின் மேல் கொக்கியைத் தளர்த்தினாள். "அத்தனை பேரும் என் தப்பை அப்படியே செஞ்சாங்கடா. ஒருத்தனாவது விலகியிருக்கலாம்."

"குதிகாலை மட்டும் பாருன்னு நீதானே பழக்கினே."

அவள் மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "அடுத்த வாரத்திலிருந்து வெரேனாவைப் போடு."

"பழையபடி நூத்திமுப்பது ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாரேன். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்."

"மாட்டேன்." தன் பூட்டைத் தட்டிக் காட்டினாள். "அந்த மாதிரி பூட்டுக்குள்ள திரும்பப் போகமாட்டேன்டா. பாக்கி நாளுக்கு எனக்கு இந்தக் காலுதான் இருக்கு."

"அப்ப நீ எங்க நிப்பே?"

"கீழே. ஜனங்களோட நின்னு சூப் குடிச்சிட்டுக் கைதட்டுவேன். நான் சொல்லிக்குடுக்கற குழந்தைங்க குரூப்பை மட்டும் தொட்டுப்பாரு, அப்பத் தெரியும் சேதி."

வென்டலின் சரியென்றான். ஸ்கீயைக் கழற்றிவிட்டு இறுகிய பனிமேல் நடக்கத் தொடங்கினார்கள். வழுக்குமே என்று அவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான், வயதானவர்களைப் பிடிப்பதுபோல. மற்ற நாளாக இருந்தால் உதறிவிட்டிருப்பாள். அன்று அப்படியே விட்டுவிட்டாள்.