போன தடவையை விடக் குறைவான சிப்பி

பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்டவன் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு எல்லா வருஷமும் நடக்காது. அரசாங்கப் படகு முதலில் போய், சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளான பார்களில் மாதிரி எடுத்துப் பார்க்கும். அந்த வருஷம் பார்த்துவிட்டு வந்தவர்கள் கடற்கரை அலுவலகச் சுவரில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள்.

என் அக்காவின் கணவர் முத்துக்குளிப்பவர். அவர் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடிக்க வேண்டியவன் நான். மனைவியின் தம்பி என்றால் அக்காளின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பது எங்கள் வழக்கம். ஆனால் அறிவிப்பு ஒட்டிய அன்று மாலைக்குள், ஆள் தேடிக்கொண்டிருந்த கொழும்புத் தோணியின் தலைவரான தண்டலுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். தோணியில் ஏறினால் குளிப்பு போய்விடும். ஏறாமல் இருந்து குளிப்பும் நடக்காவிட்டால் அந்தப் பருவம் முழுக்க வேலை கிடையாது.

“பள்ளிக்கூடம் போனவம்லா, வாசிலே,” என்றார் மச்சான். பின்னால் கூட்டம் நெருக்கியது.

‘ஸ்கேர்சர்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ‘ஸ்கேர்ஸ்’ எனக்குத் தெரியும். ரேஷன் நோட்டீசில் அரிசிக்குப் பக்கத்தில் அது இருந்த நாளெல்லாம் கடை பூட்டியே கிடந்தது.

“சிப்பி இல்லையாம் மச்சான்,” என்றேன்.

அவர் நேராகத் தண்டலிடம் போய், தோணியில் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறுத்தியது. அறிவிப்பில் ‘போன தடவையை விட’ என்றும் இருந்ததே. இல்லாத ஒன்று, முன்பை விட எப்படி அதிகமாக இல்லாமல் போகும்? கோவில் வாசகசாலைக்குப் போய் அங்கிருந்த தடித்த அகராதியைப் புரட்டினேன். ‘ஸ்கேர்ஸ்’ என்றால் அரிது, போதாதது. ‘ஸ்கேர்சர்’ என்றால் இன்னொன்றோடு ஒப்பிடும்போது இன்னும் குறைவு. இல்லை என்று எங்கேயும் போடவில்லை. சொல் பிறந்த கதையும் இருந்தது. லத்தீனில் ‘பறித்தெடுத்தது’ என்று தொடங்கி, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போயிருக்கிறது. கடலடியில் கையால் சிப்பி பறிக்கும் ஊருக்கு அது எத்தனை கரை சுற்றி வந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு மச்சான் நினைவு வந்து ஓடினேன்.

கேட்டதும் அவர் தைத்துக்கொண்டிருந்த வலையை அப்படியே கீழே போட்டார்.

“கொறஞ்சிருக்குன்னாடே போட்டிருக்கு? இல்லைன்னியே! நெருக்கமாக் கெடந்தா அது குஞ்சுச் சிப்பி, உள்ள ஒண்ணும் இருக்காது. எடம் விட்டுக் கெடந்தாத்தான் முத்துன சிப்பி. குளிப்பு உண்டுலே.”

“அகராதில அது இல்ல மச்சான்.”

“அகராதி எழுதுனவன் எந்தப் பார்ல முங்குனான்?” என்றார். “நட, தண்டல்ட்ட நீயே சொல்லு.”

தண்டல் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவன் வாசிச்சத நம்பி வாக்குக் குடுத்தீரு. இவன் கையிலயா கயித்தக் குடுக்கப் போறீரு?”

மச்சான், “அவன் கை வேற, வாய் வேற அண்ணாச்சி,” என்றார்.

மறுநாள் காலை தோணி வேறு ஆளோடு கொழும்புக்குப் புறப்பட்டது. நானும் மச்சானும் புதுக்கயிறு வாங்கப் போனோம்.