ஜித்தாவில் இறங்க மறுத்த விமானம்

இரண்டு பாதமும் சீமெந்துத் தரையில் பதிந்திருக்க, கதிரையில் உட்கார்ந்தபடி, விமான விபத்தில் மௌத்தாகிவிடுவோமோ என்று ஒரு மனிதன் நடுங்க முடியுமா? முடியும். அந்தத் துறையில் நான் நல்ல தேர்ச்சி பெற்றவன். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, ஜித்தா நகரத்துக்கு மேலே நான் செத்துப் பிழைத்த தடவைகளை வானத்து மலக்குகள்தான் எண்ணி வைத்திருக்க வேண்டும்.

காரணம் என் மனைவி. இல்லை, எதற்கெடுத்தாலும் மனைவியைச் சாட்டுவது ஆண்களின் பழைய வழக்கம்; காரணம் என் பயம். அவளுக்கு உம்றா என்னும் புனிதப் பயணம் போக நிய்யத்து, நெடுநாள் எண்ணம். பிள்ளைகளைக் கரைசேர்த்த பிறகு தனக்கென்று அவள் கேட்ட ஒரே காரியம் அது. பெரும்போக அறுவடை முடிந்ததும் ஊரிலிருந்து ஒரு குழு புறப்பட இருந்தது. நான் போனால் அவளும் போவாள். நான் நின்றால் அவளும் நிற்பாள். அதை அவள் மிரட்டலாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். மீன் கழுவிக்கொண்டே, "ஒங்களுக்கு ஏலாதெண்டா நானும் நிக்கிறன், பறவாயில்ல" என்றாள். அந்தப் 'பறவாயில்ல' தொண்டையில் குத்திய முள் மாதிரி நின்றுவிட்டது.

நான் விமானத்தில் கால் வைத்ததே இல்லை. கல்முனையில் ஃபேன் விற்கிற கடை வைத்திருக்கிறேன். விற்ற ஃபேனை முகட்டில் மாட்டுவதற்கு ஏணியில் ஏறமாட்டேன். தென்னையில் ஆள் ஏறுவதைக் கீழே நின்று பார்த்தாலே எனக்கு உள்ளங்கால் கூசும். அப்படிப்பட்டவனைத்தான் முப்பதாயிரம் அடிக்கு மேலே தூக்கப் போகிறார்கள்.

கத்தாரில் கொம்பியூட்டர் வேலை செய்கிற மனைவியின் தம்பிதான் போனில் வழி சொன்னான்.

"மச்சான், நான் உட்டுட்டு வந்த கொம்பியூட்டர் ராத்தாட ஊட்டுல சும்மாதானே கிடக்கு? அதில பிளேன் ஓட்டுற சிமுலேட்டர் போட்டுத் தாறன். நீங்களே ஓட்டிப் பாருங்க. எப்பிடி ஏறுது, எப்பிடி எறங்குதெண்டு வெளங்கினா பயம் போயிடும்."

வெளங்கியது. ஏறுவது வெளங்கியது, மேகம் வெளங்கியது. உம்றாக்காரர் இறங்கும் ஜித்தாவுக்கு மேலே வந்து, கீழே கட்டடங்கள் நெருங்கி, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிற அந்த நேரம் பார்த்துத் திரை அப்படியே உறைந்து நிற்கும். விமானம் அந்தரத்தில் தொங்கும். நான் கலிமா சொல்வேன். திரை ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி அசையும்போது விமானம் தரைக்குள் மூக்கைக் குத்தியிருக்கும். முன்பு எனக்கு விமானம் என்றால் பொதுவான பயம்தான். மச்சானின் வைத்தியத்துக்குப் பிறகு, எந்த இடத்தில், எந்த உயரத்தில் சாவேன் என்பதுவரை துல்லியமாகப் பயப்படக் கற்றுக்கொண்டேன்.

"அது பிளேன்ட பிழையில்ல மச்சான்" என்றான் அவன். "பெரிய நகரம் வந்தா புரொசசருக்கு இழுக்க ஏலாம நிக்கிது. ஓவர்க்ளொக் பண்ணுவம்."

கம்பனிக்காரன் இந்தச் சில்லுக்கு இவ்வளவு வேகம் போதும் என்று கணித்து அனுப்பியதை, உள்ளமைப்புத் திரைக்குள் போய் நாமே கொஞ்சம் கூட்டுவதுதான் ஓவர்க்ளொக். அது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். அங்கே மாப்பிள்ளைக்கு ஒரு அகப்பை சோறு கூடப் போடுவார்கள், ஒரு சுமை வேலை கூட வாங்குவார்கள். சோறுதான் வோல்டேஜ். கூடப் போட்டால் மாப்பிள்ளை சூடாவார். அளவு மிஞ்சினால் படுத்துவிடுவார். நான் பல வருடமாக ஓவர்க்ளொக் ஆனவன்.

ஆனால் பயம் அங்கேயும் வந்து காத்திருந்தது. வீடு மனைவியின் சீதன வீடு. கொம்பியூட்டர் அவளுடைய தம்பியுடையது. இந்த வீட்டில் எனக்கென்று சொந்தமாக இருப்பது இரண்டு சாரனும் ஒரு சைக்கிளும்தான். நான் கொளுத்துவதென்றால் மற்றவர்களின் சொத்தைத்தான் கொளுத்தவேண்டும்.

"நெருப்புப் பத்துமாடா?" என்று கேட்டேன்.

"பத்தாது மச்சான். சூடு மிஞ்சினா அதுவே ஓஃப் ஆயிடும். ஒரு தரத்துக்கு ஒரு படிதான் கூட்டணும். மறுகா டெஸ்ட் ஓடவிட்டு, சூடு எண்பத்தஞ்ச தாண்டுதா பாருங்க. தாண்டினா ஒரு படி எறக்குங்க. வோல்டேஜ்ல மட்டும் நான் சொல்லாம கைவெச்சிராதீங்க. யூபிஎஸ் இல்லாம தொடவும் வேணாம், ஊர்ல கரண்ட் கூடிக் குறையிற."

அப்படியே செய்தேன். அஸர் தொழுதுவிட்டு வந்து, பிஸ்மி சொல்லி, ஒரு படி கூட்டுவேன். திரையைப் போனில் படம் பிடித்துக் கத்தாருக்கு அனுப்புவேன். "ஓம், செரி" என்று பதில் வந்த பிறகுதான் மூச்சு விடுவேன். டெஸ்ட் ஓடும் நேரமெல்லாம் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பேன், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போல. கடற்கரையில் மணல் அள்ளி வந்து ஒரு வாளியில் பக்கத்தில் வைத்தேன்.

மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். "என்ன இது, பெற்றோல் ஷெட்டா?"

"பாதுகாப்புக்குத்தான்கா."

"ஓ. அப்ப எனக்கிட்டயும் ஒரு பாதுகாப்பு இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழன் பின்னேரம், மஃரிப் தொழுகைக்கு முன்னால், அந்தியிலேயே தொடங்கிவிடும் வெள்ளி இரவுக்காக வீட்டில் சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். வழக்கமாக அறைக்கு ஒரு சுற்றோடு முடிந்துவிடும். அன்றிலிருந்து அவள் கொம்பியூட்டருக்கென்று தனியாக ஒரு சுற்று சேர்த்துக்கொண்டாள். ஓதிக்கொண்டு, சட்டியைப் பெட்டியின் முன்னால் நன்றாகத் தாழ்த்திக் காட்டுவாள். அந்த இடத்தில்தான் காற்றை உள்ளே இழுக்கிற ஃபேன் இருந்தது. இருபது வருடமாக ஃபேன் விற்கிற நான் அதைப் பார்த்துக்கொண்டு ஆமீன் சொன்னேன்.

முதலில் எல்லாம் நன்றாகப் போனது. படிகள் ஏற ஏறத் திரை உறைவது குறைந்தது. பிறகு ஒரு விநோதம்: நான் ஒன்றும் கூட்டாமலே சூடு கூடியது. ஒரு வியாழன் கழிந்தால் கொஞ்சம், மறு வியாழன் கழிந்தால் இன்னும் கொஞ்சம். மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் இறக்கு என்பான். இறக்கினால் திரை உறையும். உறைந்தால் நான் எப்படி உம்றாவுக்குப் போவது? குழுவுக்குப் பெயர் கொடுக்கும் தவணை நெருங்கியிருந்தது. சூடு காட்டும் இலக்கத்தின் மேல் ஒரு கடதாசித் துண்டை ஒட்டிவிட்டு ஓட்டினேன். பயந்தவனுக்குக் கண்ணை மூடிக்கொள்வதுதான் முதல் வைத்தியம்.

அந்த வியாழன் பின்னேரம் ஜித்தாவுக்கு மேலே இருந்தேன். திரை உறையவில்லை. ஓடுபாதை வந்தது. சக்கரத்தை இறக்கினேன். பின்னால் மனைவி சாம்பிராணிச் சட்டியோடு வந்து குனிந்தது தெரியும். என் கண் ஓடுபாதையில் இருந்தது. சட்டென்று திரை கறுப்பானது. பெட்டியின் முதுகிலிருந்து சுருள் சுருளாகப் புகை வந்தது.

"பத்திட்டு! பத்திட்டு!"

நான் கத்தியது இவ்வளவுதான் எனக்கு நினைவு. அடுத்த நினைவு தெருவில் இருக்கிறது. ஒரு கையில் சாரனைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். "உள்ளுக்கு ஆரும் இரிக்காங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. உள்ளே அவள் இருந்தாள்.

விமானத்திலும் கொம்பியூட்டரிலும் வராத ஒரு பயம் அந்த இடத்தில் வந்தது. என்னைப் பற்றிய பயம் அது.

அவள் வாசலுக்கு வந்தாள். கையில் சட்டி. அதிலிருந்து அதே சுருள் புகை.

"என்ன பத்தின?"

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், குழாயை மெதுவாகச் சுருட்டத் தொடங்கினார். "சாம்பிராணி நல்ல வாசம்" என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர். ஊருக்கெல்லாம் மறுநாள்தான் சொன்னார்.

உள்ளே போனோம். மணல் வாளி வைத்த இடத்திலேயே இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தேன்.

"என்னைய உட்டுட்டு ஓடிட்டிங்க" என்றாள்.

"ஓம்."

"பிளேன்ல இப்பிடி நடந்தா?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அங்க ஓட எடமில்ல. எனக்குப் பக்கத்திலதான் இருக்கணும். எனக்கு அது போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கீழே வைத்த சட்டியை மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவளும் விமானத்தில் ஏறியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இத்தனை மாதமும் வீட்டிலிருந்த பயமெல்லாம் என்னுடையது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து பெட்டியைத் திறந்து, படம் பிடித்து அனுப்பினேன். மச்சான் உடனே அழைத்தான்.

"மச்சான், இது கூலரா, சாம்பிராணிச் சட்டியா?"

சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளுக்கிடையில், தூசியும் கடற்காற்றின் உப்பும் சாம்பிராணிப் பிசினும் சேர்ந்து தொதல் அல்வா மாதிரிக் கட்டியாகியிருந்தன. காற்றுப் போக வழியில்லை. அவன் சொன்னபடியே சூடு மிஞ்சி மெஷின் தானாக நின்றிருக்கிறது; முதுகால் வந்தது ஃபேன் இழுத்த சாம்பிராணிப் புகை. அது பயப்பட வேண்டிய இடத்தில் ஒழுங்காகப் பயந்து, ஓடாமல் நின்றுகொண்டது. என்னைவிட நல்ல பிறவி.

"ராத்தா, துஆவத் தூர இருந்து கேளுங்க" என்று போனில் அக்காவிடம் கெஞ்சினான்.

"நீ வாய மூடு, நான் ஓதினபடியாத்தான் அது எரியாம நிண்டது" என்றாள் அவள்.

தகடுகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, சூடு கடத்தும் பழைய பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசி, வேகத்தை இரண்டு படி இறக்கினேன். கடதாசித் துண்டைக் கிழித்தேன். சூடு எழுபதுகளில் நின்றது. அவளைப் பக்கத்துக் கதிரையில் இருக்கச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். ஜித்தா வந்தது, கட்டடங்கள் வந்தன. திரை ஒருமுறைகூட உறையவில்லை. விமானம் தண்ணீரில் தாரா வாத்து இறங்குவது போல ஓடுபாதையில் இறங்கி, ஓடி, நின்றது.

"பயம் போயிட்டா?" என்று கேட்டாள்.

உள்ளங்கை வியர்த்து மௌஸ் வழுக்கிக்கொண்டிருந்தது. "இல்லகா. அப்பிடியேதான் இரிக்கி."

"எனக்கும்தான்" என்றாள். "அப்ப ரெண்டு பேரும் பயந்துபயந்தே போவம்."

திங்கட்கிழமை பெயர் கொடுக்கக் குழுக்காரரின் கந்தோருக்குப் போனேன். மேசைக்கு மேலாக இரண்டு கடவுச்சீட்டுகளையும் நீட்டினேன். அவர் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"மொதலாளி, நீங்க உட்டாத்தானே நான் எடுக்கலாம்?"

விட்டேன்.