மச்சான் ஏன் லோரியை நிறுத்தினார்?

“தம்பி, உன் மச்சான் நாலு நாளா லோரிய எடுக்கலடா. எனக்கு என்னமோ பயமா இருக்கு. ஓர் எட்டு வந்துட்டுப் போயேன்...”

சனிக்கிழமை காலை. ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைக்கப் போகும் நேரம் பார்த்து, அக்காவிடமிருந்து போன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் லோரி எடுக்கவில்லை என்பதற்காக அல்ல. மச்சானிடம் லோரியே இல்லை! மூன்று வருடத்துக்கு முன்பே விற்றாகிவிட்டது. அக்காவுக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?

“எந்த லோரிக்கா?”

“அதான்டா... கம்ப்யூட்டர்ல ஓட்டுவாரே, அது.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. ரொட்டிதான் ஆறிப் போய்விட்டது.

என் அக்கா சரோஜாவும் மச்சான் வேலுவும் மலாக்கா பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார்கள். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் கடைசி வீடு. மச்சான் முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவர் தெரு முனையில் திரும்பும்போதே குரல் வீட்டுக்கு வந்துவிடும். அவ்வளவு பெரிய தொண்டை.

அப்புறம் இனிப்பு நீர் வந்தது, அதான் சர்க்கரை வியாதி. கால் விரலில் ஒரு சின்னப் புண்... அது ஆறவே இல்லை. கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கிற கால்.

லோரி போனது. கூடவே மச்சானின் குரலும் போனது. எட்டு மாதம் வீட்டில் சத்தமே இல்லை. சோறு போடவா என்று அக்கா கேட்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். நான் போனால்கூட, “வா மாப்ளே” என்பதோடு சரி.

ஜொகூரில் வேலை செய்யும் அவர்கள் மகள் கவிதா ஒருநாள் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே மேசையில் மாட்டுகிற ஒரு ஸ்டீரிங், கீழே ரெண்டு பெடல், லோரி ஓட்டுகிற ஒரு விளையாட்டு.

“அப்பா, இது ஆட்டோ கியர். கிளட்ச் கால் வேணாம்பா.”

அன்றைக்கு மச்சான் சிரித்ததாக அக்கா எனக்கு போன் போட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மச்சானுக்கு ‘டிரிப்’. முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவார். “இன்ஜின் சூடாகட்டும்” என்பார். குளித்து, பாக்கெட் வைத்த சட்டை போட்டு, தலை சீவி, அப்புறம்தான் சீட்டில் உட்காருவார். ஏதேதோ குளிர் நாட்டு ரோடு. நடுவில் எனக்கு போன் வேறு: “பனி கொட்டுது மாப்ளே, வைப்பர் போட்டுட்டுப் போறேன்... அப்புறம் பேசு!” வெளியே சிம்பாங் அம்பாட்டில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

அக்காவுக்குத்தான் பிடிக்காது. “வயசான காலத்துல பொம்மைப்படம்” என்று முணுமுணுத்துக்கொண்டே கடந்து போவாள். திரையை ஏறிட்டும் பார்க்கமாட்டாள்.

சரி, இதற்கு என்னை எதற்குக் கூப்பிடுகிறாள்? வேறென்ன... நான் பத்திரிகைக்கு வாராவாரம் கம்ப்யூட்டரில் எழுதுகிறவன். கம்ப்யூட்டரில் எழுதத் தெரிந்தவனுக்கு அதைக் கழற்றி மாட்டவும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. பேனாவில் எழுதிய காலத்தில் யாரும் என்னிடம் பேனா ரிப்பேருக்கு வந்ததில்லை!

போனேன். மச்சான் ஸ்டீரிங் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். திரை கறுப்பாக இருந்தது. அக்கா மீன் வாங்க பசாருக்குக் கிளம்பினாள். அவள் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை மச்சான் வாயைத் திறக்கவில்லை.

“மாப்ளே... என் கண்ணு போகுதுடா.”

“என்ன மச்சான் சொல்றீங்க?”

“படம் விட்டு விட்டுத் தெரியுது. ரோடு நிக்குது, அப்புறம் குதிக்குது. ஓரத்துல கறுப்புப் புள்ளி புள்ளியா வருது. வெள்ளிக்கிழமையானா ரொம்ப மோசம். கண்ணு டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்கல்ல... இனிப்பு நீர் கண்ணையும் எடுக்கும், கறுப்புப் புள்ளி தெரிஞ்சா உடனே வாங்கன்னு.”

“போனீங்களா?”

“போகல. போன வாரம்தான் கண்ணு செக்கப். தேதிய தள்ளி வச்சுட்டாங்கன்னு உங்க அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

எனக்கு ஒன்று தோன்றியது. “மச்சான், அந்தச் செவுத்தைப் பாத்தா புள்ளி தெரியுதா?”

எதிரே வெள்ளைச் சுவர். கண்ணில் கோளாறு என்றால் அங்கேயும் புள்ளி தெரிய வேண்டும். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“பாக்கலடா. பாக்கப் பயமா இருக்கு.”

முப்பது வருடம் சேற்றிலும் மழையிலும் டன் கணக்கில் குலை ஏற்றிப் போன மனுஷன்! ஒரு வெள்ளைச் சுவரைப் பார்க்கப் பயப்படுகிறார்.

“ஒரு காலுக்கே எட்டு மாசம் என்னைத் தூக்கித் தூக்கி அவ இடுப்பு போச்சு. இனிமே கண்ணும் இல்லைன்னு அவகிட்ட எப்படிடா சொல்லுவேன்?”

பதில் தெரியாதபோது நான் ஏதாவது ஒரு சுவிட்சைத் தட்டுவது வழக்கம். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு நானே ஸ்டீரிங்கைப் பிடித்தேன். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ரோடு நின்றது... குதித்தது. ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள்!

“மச்சான்! எனக்கும் ரோடு குதிக்குது! எனக்கும் புள்ளி தெரியுது!”

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். “நெசமாவா?”

“நெசமா!”

ஒரு நிமிடம் அவர் முகம் மலர்ந்தது. பிறகு பிடி மெல்லத் தளர்ந்தது.

“உனக்கும் இனிப்பு நீர் இருக்கேடா...”

இருக்கிறது. வாராவாரம் இந்தப் பத்தியில், சீனி இல்லாத என் கோப்பி ஓ கோசோங் புலம்பலைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். இப்படி ஒரு சாட்சி இருந்தால் எந்தக் கேஸ்தான் ஜெயிக்கும்?

“சரி மச்சான். புதுசா ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுவோம். படத்தை வரைஞ்சு திரைக்கு அனுப்புறது அதுதான். புதுசுல ஒழுங்கா தெரிஞ்சா கோளாறு கார்டுல, உங்க கண்ணுல இல்ல. அப்புறம் நீங்க செக்கப்புக்கு வரணும்.”

“தெரியலைன்னா?”

“தெரியும்லா!” என்றேன். அதிகப்பிரசங்கி!

அன்றைக்கே மலாக்கா டவுனுக்குப் போய் கார்டு வாங்கினேன். இருப்பதிலேயே நல்லதாகக் கொடு என்றேன். மூன்று விசிறி, சப்பாத்துப் பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. மறுநாள் மச்சான் வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, பழைய கார்டைக் கழற்றி, புதியதை உள்ளே வைத்தால்... போகவில்லை. ரெண்டு விரல்கடை நீளம் அதிகம். சாய்த்துப் பார்த்தேன், படுக்க வைத்துப் பார்த்தேன். ம்ஹூம்.

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பையன் வேலை, பெண் உயரம், மாமியார் குணம் வரை விசாரிக்கிறோம். கார்டு வாங்கப் போனவன் பெட்டியின் நீளத்தைக்கூட அளக்காமல் போனேன் பாருங்கள்! என்னை எதால் அடிப்பது?

“விடு மாப்ளே” என்றார் மச்சான். “எனக்கு எழுதி வச்சது அவ்வளவுதான்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதும் சுவர் இருக்கும் பக்கம் திரும்பவில்லை. புதிய கார்டைவிட அந்த முகம்தான் என்னை அன்றிரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை காலை, பழைய கார்டு, புதிய கார்டு, பெட்டி மூன்றையும் ஒரு கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட் கடைத்தெருவில் ஷரிபாவிடம் போனேன். காற்றாடி, ரைஸ் குக்கர், போன் உறை எல்லாம் விற்கிற அவள் அப்பாவின் கடை. பின்னால் ஒரு மேசை போட்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வது ஷரிபா. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

“அங்கிள், நீளம் மட்டும் இல்ல. இந்தப் புது கார்டுக்குத் தனியா ரெண்டு கரண்டு வயர் வேணும். உங்க பவர் சப்ளைல ஒண்ணுகூட இல்ல. உள்ள போயிருந்தாலும் வேலை செஞ்சிருக்காது. திருப்பிக் கொடுத்துடுங்க.”

“அப்ப பழசு?”

பழைய கார்டைக் கையில் எடுத்தாள். விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தாள். அது சுற்றவில்லை. திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

உள்ளே காபி நிறத்தில், பிசின் மாதிரி, கெட்டியாக அப்பியிருந்தது. நடுநடுவே சாம்பல்.

ஷரிபா குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அங்கிள்... சாம்பிராணி!”

“என்னது?”

“எங்கம்மாவும் வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்கப்புறம் வீடு பூரா போடுவாங்க. இந்த வாசம் எனக்குத் தெரியாதா? ஆனா இது வீட்டுல போட்ட புகை மாதிரி இல்ல. யாரோ கிட்டக் கொண்டுவந்து, நேரா உள்ள காட்டியிருக்காங்க.”

கார்டு கெட்டுப் போகவில்லையாம். விசிறி சுற்ற முடியாமல் சூடு ஏறுகிறதாம். சூடு தாங்காமல் கார்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம்; அதனால்தான் ரோடு நின்று நின்று குதித்ததாம். அதற்கும் மேலே சூடானால் புள்ளி. மூச்சு விட முடியாமல் தவிச்சிருக்கு அங்கிள், பாவம் என்றாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தூரிகையால் துடைத்து, சூட்டை இழுக்கும் புதுப் பசை தடவி, மாட்டிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மச்சான் ஸ்டீரிங்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். ஒரு மணி நேரம். ரோடு நிற்கவும் இல்லை, குதிக்கவும் இல்லை.

லோரியை ஓரம் கட்டினார். மெதுவாகத் தலையைத் திருப்பி, எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“செவுரு வெள்ளையா இருக்குடா மாப்ளே.”

“வெள்ளைதான் மச்சான்.”

“ஒரு புள்ளி இல்லடா!”

தெரு முனைக்குக் கேட்டிருக்கும். அந்தப் பழைய குரல். சத்தம் கேட்டு அக்கா தேத்தண்ணி கிளாஸோடு ஓடி வந்தாள்.

“அக்கா,” என்றேன், “இந்தப் பெட்டிக்கு யாருக்கா சாம்பிராணி காட்டினது?”

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கிளாஸைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“நான்தான்டா. வெள்ளிக்கிழமை இவரு குளிக்கப் போனப்புறம் காட்டுவேன். அந்த லோரிக்கு முப்பது வருஷம் ஒரு வெள்ளி தவறாம காட்டினேனா இல்லையா? ஒரு நாளாவது அடிபட்டு வந்திருப்பாரா? இப்ப என்னமோ பனியில ஓட்டுறேன், மலையில ஓட்டுறேன்னு உன்கிட்ட போன்ல சொல்றாரு... கேக்குறவளுக்குப் பயமா இருக்காதா?”

“அக்கா, அது பொம்மை லோரிக்கா!”

“பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? உக்காந்திருக்கிறவரு நெசம்தானேடா?”

சொல்லிவிட்டு அக்கா பெட்டிப் பக்கம் கையைக் காட்டினாள்.

“கிட்டக் கொண்டுபோனா புகைய சுர்ருனு உள்ள இழுத்துக்கும். சாமியே ஏத்துக்கிச்சுன்னு நெனச்சேன்...”

சாமி இல்லை. மச்சான் இன்ஜினைச் சூடாக்க ஓடவிட்டுப் போன விசிறி. ஆனால் அதை அந்த நேரத்தில் விளக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அக்கா மச்சானிடம் ஆசையாக ரெண்டு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. திட்டுவாள், முணுமுணுப்பாள், தூபக்காலைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வருவாள். நம் வீட்டுப் பெண்கள் பலரும் இப்படித்தானே? வாயைக் கேட்டால் ‘பொம்மைப்படம்’. பெட்டிக்குள் திறந்து பார்த்தால் ஒரு அங்குலத்துக்கு அப்பிக் கிடக்கிறது.

மச்சான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்ன சொல் தவறாமல் வியாழக்கிழமை கண் செக்கப்புக்கு வந்தார். போகும் வழியிலேயே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காரில் அவருக்கு விழுந்த திட்டில் பாதி, ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும் விழுந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கு, அடுத்த செக்கப்பை விடாதீங்க என்றார். திரும்பி வரும்போது அக்கா அவர் கையை விடவே இல்லை. நான் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் புதுச் சட்டம். சாம்பிராணி முடியும்வரை கம்ப்யூட்டர் ஆஃப். பெட்டிக்கு மேலே மச்சானின் பழைய துண்டு. புகை ஸ்டீரிங்குக்கு மட்டும். சட்டம் போட்டது மச்சான்தான். “லோரிக்கு முன்னாடிதான் காட்டணும் சரோஜா, இன்ஜினுக்குள்ளயா காட்டுவாங்க?”

ஆனால் இந்த முறை அவள் ஒளிந்து காட்ட வேண்டியதில்லை. மச்சான் குளித்துவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்திருக்க, அக்கா சிரட்டைக் கரியில் சாம்பிராணியைத் தூவி, தூபக்காலால் ஸ்டீரிங்கை மூன்று சுற்று சுற்றினாள். அதோடு நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. மச்சானையும் மூன்று சுற்று சுற்றினாள்.

“பாத்துப் போயிட்டு வாங்க” என்றாள். அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

புகை அடங்கியதும் துண்டை எடுத்து, இன்ஜினைச் சூடாக்கி, மச்சான் கிளம்பினார். பனி ரோடு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. லோரியை ஓரம் கட்டிவிட்டார்.

“மாப்ளே... ரோடு மங்குதுடா.”

எனக்குப் பகீரென்றது! திரையைப் பார்த்தேன். அத்தனை தெளிவு. குனிந்து பெட்டியைப் பார்த்தேன். விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து மச்சானின் முகத்தைப் பார்த்தேன். கன்னமெல்லாம் ஈரம்.

கார்டில் ஒரு கோளாறும் இல்லை. இந்த முறை கண்தான்.